பச்சை ஒயரில் கறுப்பு டேப்

மெயினை அணைத்துவிட்டுத்தான் ஞானதுரை மாடிக்கு ஏறியிருந்தான். அப்படியும், செடி ராக்கின் இரும்புக் காலில் வைத்த டெஸ்டர் எரிந்தது.

மங்கலாகத்தான். அணையப்போகும் கங்கு போல ஒரு சிவப்பு. டெஸ்டரைக் கைலியில் துடைத்து மறுபடி வைத்தான். எரியவில்லை.

கண்தான் ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டான். இருபத்தொன்பது நாளாகச் சரியாகத் தூங்காத கண்.

எர்ணாவூர் வீட்டின் அந்த மாடி அறையில் பிற்பகல் மூன்று மணிக்கும் வெளிச்சம் கிடையாது. அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வந்த சாம்பல் மொட்டை மாடித் தொட்டிகளை ஒன்றுவிடாமல் கருக்கிய பிறகு, அவன் மனைவி ரோசி இங்கே ஜன்னலை அட்டையால் அடைத்து, அறைக்குள்ளேயே செடி வளர்க்க ஆரம்பித்திருந்தாள். வண்ணாரப்பேட்டை தமீம் பாய் கடையில் வாங்கிய, ஊதா வெளிச்சம் அடிக்கும் செடி லைட்டுகள் நான்கு. கீழ்த் தட்டுகளில் புதினாவும் கீரையும், மேல் தட்டில் செவ்வந்தி. வெளியே கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் இலைகள் நடுங்கின. ஈர மண்ணும் புதினாவும் மணக்கும் அந்த அறையில், அடியில் எங்கேயோ, கருகிய வாடை ஒன்று இன்னும் மிச்சமிருந்தது.

நாளை ரோசிக்கு முப்பதாம் நாள் பூசை. செவ்வந்தி பாதி மொட்டாக நின்றது.

"லைட்டு போட்டா விரிஞ்சிரும்ப்பா. அம்மா வெச்ச பூவதான் கல்லறைக்கு எடுத்துகினு போணும்" என்று பத்து வயது ஜெனி மூன்று நாளாகச் சோறு சரியாகத் தின்னாமல் அழிச்சாட்டியம் பண்ணினாள்.

எனவே இந்த முறை ஒரு குறையும் வைக்கக்கூடாது. புது லைட்டுகள். மூன்று கோர் கேபிள். வழியும் தண்ணீர் சாக்கெட்டுக்குள் இறங்காதபடி, கேபிள் கீழே தொங்கி மேலேறும் வளைவு. கரண்ட் கசிந்தால் கண் இமைப்பதற்குள் அறுத்துவிடும் ட்ரிப்பர். ஒவ்வொரு லைட்டின் தகட்டிலிருந்தும், ராக்கின் காலிலிருந்தும் பச்சை ஒயர். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சுவரோரமாக இறங்கி, காம்பவுண்டு ஓரத்து எர்த் குழிக்குப் போயின.

அவன் கீழே இறங்கிப் போனபோது, குழியடியில் ரோசியின் தம்பி டென்னிஸ் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, கரி, உப்பு... குழில கோழி சுடப் போறியா?"

சிரிக்க வைக்கப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வரவில்லை. கம்பியைச் சுற்றிக் கரியையும் உப்பையும் கொட்டி, தண்ணீர் ஊற்றினான்.

"நாளைக்குப் பூச முடியட்டும். பசங்களோட தமீம் பாய் கடைக்குப் போறேன். டூப்ளிகேட்டு லைட்ட வித்து எங்க அக்காவ சாவடிச்சிட்டு, துக்கத்துக்கு வந்து அழுவுறான்." நிமிர்ந்து பார்த்தான். "லைட்டுதான மாமா? நீதான சொன்ன?"

"லைட்டுதான்டா" என்றான் ஞானதுரை.

மேலே வந்தபோது, ராக்கின் காலில் மாட்டியிருந்த பச்சை ஒயர் கழன்று தொங்கியது. நட்டு தரையில் கிடந்தது.

லாரி அதிர்ச்சியாக இருக்கும். ஸ்பானர் போட்டு, கை வலிக்க முடுக்கினான்.

லைட்டு இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். லைட்டின் தகட்டுக்குள் ஈரம் இறங்கி, கரண்ட் எர்த்துக்குப் பாய்ந்து, பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ரோசி படியிறங்கிப் போய்த் தூக்கிவிட்டு வந்தாள். "ஊருக்கெல்லாம் கரண்டு ஆளு, சொந்த வூட்டுக்கு மட்டும் டைமு இல்ல" என்று சிரித்தாள். அவனுக்கு வேலைக்குப் போகிற அவசரம். எர்த் ஒயரைக் கழற்றி, நுனியில் கறுப்பு டேப் சுற்றினான். பிறகு பிரிக்கச் சுலபமாக, டேப்பின் ஓரத்தை முக்கோணமாக மடித்துவிட்டான். அது அவன் கைப்பழக்கம். பிரேக்கர் விழுவது நின்றது. போக வழியில்லாத கரண்ட் ராக்கின் இரும்பிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை சரிபண்ணிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை, ஈரக் கையோடு ரோசி ராக்கைப் பிடித்தாள்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவன் அவன்தான். ஆட்கள் வருமுன் டேப்பைப் பிய்த்து, ஒயரை மறுபடி மாட்டியவனும் அவன்தான்.

"அப்பா."

வாசலில் ஜெனி. கையில் அம்மாவின் ஸ்பிரே பாட்டில்.

"அம்மா புடிச்சப்ப எர்த்து இருந்திச்சாப்பா?"

"இருந்திச்சிம்மா. லைட்டுதான் கலீஜு."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, அவன் தோளுக்கு அப்பால், ராக்கைப் பார்த்தாள். யாருக்கோ தலையாட்டிவிட்டு மொட்டை மாடிப் பக்கம் போனாள்.

அவன் திரும்பினான்.

பச்சை ஒயர் கழன்றிருந்தது. நுனியில் கறுப்பு டேப். இறுக்கமாக. நேர்த்தியாக. ஓரம் முக்கோணமாக மடிந்திருந்தது.

பையைத் துழாவினான். புது டேப் உருளை. உறை பிரிக்கப்படவேயில்லை.

படிகளில் விழுந்தடித்து இறங்கினான். மாடிப்படிக்கு அடியில் மெயின் சுவிட்ச்.

அதன் பிடி கீழேதான் இருந்தது. அணைந்துதான் இருந்தது.

மேலே ஓர் இரைச்சல். ம்ம்ம்ம் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போல. படிகளில் ஊதா வெளிச்சம் வழிந்தது. அதற்குள், நிதானமாக, ஸ்பிரே சத்தம்.

ஷ்க். ஷ்க்.

"ஜெனி!"

ஓடினான். முட்டி இடித்தது. ஓடினான்.

நான்கு லைட்டும் எரிந்தன. பிளக் தரையில் கிடந்தது. முழங்கை வரை நனைந்து, வெறுங்காலில், ஜெனி ராக்கைப் பிடித்திருந்தாள்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கைக்கு மேலே இன்னொரு கை. மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கி, விரல்கள் கருகி. மறு கையில், டேப் சுற்றிய ஒயர் நுனி. ரோசியின் தாடை கிட்டித்திருந்தது. உடம்பு முழுக்க ஒரே நடுக்கம். கூந்தலிலிருந்து புகை. வந்த கரண்டெல்லாம் அவளுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. ஓயாமல். இருபத்தொன்பது நாளாக.

"பயப்படாதப்பா. எனுக்கு ஒண்ணும் அடிக்கல. அம்மா வாங்கிக்கிறாங்க."

அவன் தரையில் கிடந்த பிளக்கை மறுபடி பார்த்தான்.

"அவங்களால பேச முடியல. உன்னாண்ட கேக்கச் சொல்றாங்க. எர்த்த யாரு கழட்னது?"

பின்னால் படியில் காலடிச் சத்தம். "மாமா? யாராண்ட கத்திகினு கீற?" டென்னிஸ்.

ஞானதுரை வாயைத் திறந்தான்.

ரோசியின் கண்கள் அவனையே பார்த்தன. கோபமில்லை. இனி முடியாது என்கிற கண்கள்.

ராக்கிலிருந்து அவள் சுண்டுவிரல் பிரிந்தது.

அடுத்த விரல்.

"சொல்லுப்பா."

அடுத்தது.

மேல் தட்டில் செவ்வந்தி மொத்தமும் மலர்ந்திருந்தது. அதற்குக் கீழே, ஜெனியின் ஈரத் தலைமுடி, ஒவ்வொரு இழையாக, மெல்ல மேலெழும்ப ஆரம்பித்தது.