அடியில் பூசிய நீலம்

எப்போதோ காய்ந்துவிட்ட நீலம் இன்று மதியம் அவள் விரலில் ஒட்டியது.

துணியில் துடைத்துவிட்டு மறுபடி தாளைப் பார்த்தாள். சிறகு முளைத்த கடல்நாகம் பாறையிடுக்கில் ஒடுங்கிக் கிடந்தது. எந்த விசித்திர மிருகத்தை வரைந்தாலும், முதலில் அதன் உணர்ச்சிக்கு ஏற்ற நிறத்தை உடல் முழுக்கப் பூசிக் காயவிடுவாள். செதிலும் இறகும் அதற்கு மேல்தான். அடிநிறம் கொஞ்சம் கசிந்து தெரிந்தால் போதும். ஆனால் இந்த நீலம், மூன்று முறை பொன்செதில் பூசியும், மழைக்காலச் சுவரில் ஈரம் ஏறுவதுபோல் மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

இந்தப் படத்துக்கான கதையை எழுதியவள் அவள் தங்கை. அக்கா முதலில் மஞ்சள் பூசியபோது, "பயந்துபோன நாகம்னு எழுதினா, நீ காமாலை வந்த நாகத்தை வரைஞ்சு வெச்சிருக்கே!" என்று சிரித்தாள். மறுநாள், இதே அறையில், தங்கைக்கு மூச்சு முட்டியது. உதட்டில் அந்த நிறம் வந்தது. சாம்பலும் ஊதாவும் கலந்த நீலம்.

உதவிக்குக் கூப்பிட அக்கா போனை எடுக்கவில்லை. தூரிகையை எடுத்தாள். அந்த நிறத்தை மறப்பதற்குள் கலந்துவிடலாம், அரை நிமிடம்தானே என்று. அந்த அரை நிமிடம் எவ்வளவு நீண்டது என்று இன்றுவரை அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

போன் அடித்தது. தங்கையின் கணவர்.

"அக்கா, படம் முடிஞ்சுதா?"

"செதில் மட்டும் பாக்கி."

"ஒரு மாசமா செதிலா? மீன்காரர்கிட்ட குடுத்திருந்தா இந்நேரம் சுரண்டியே குடுத்திருப்பாரு." சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா... ஒண்ணே ஒண்ணுதான் மனசுல ஓடிட்டே இருக்கு. அவ நம்மள விட்டுப் போன அன்னிக்கு, அவளுக்கு முடியாமப் போனதும் நீங்க உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டீங்கல்ல?"

மின்விசிறி சுற்றியது. சொல்லிவிடலாம். இப்போதே.

"உடனேதான் கூப்பிட்டேன்."

"அது போதும்க்கா," என்றார். வைத்துவிட்டார்.

போனை அலமாரியில் வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள். எங்கோ மெல்லிய சீழ்க்கை ஒலி. ஜன்னலை மூடினாள். நிற்கவில்லை. தாளில் காது வைத்தாள். அங்கிருந்து இல்லை.

தன் நெஞ்சிலிருந்து.

மூச்சை இழுத்தாள். வரவில்லை. மறுபடி. வரவில்லை. நகங்களைப் பார்த்தாள். நீலம். துடைத்தாள். போகவில்லை.

போன் நான்கு எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது. முழங்கால் மடிந்தது. மேசை விளிம்பைப் பற்றினாள்.

தாளில் நீலமே இல்லை. செதில்கள் பளபளவென்று பொன்னாய் இருந்தன. பாறையிடுக்கு காலி.

நாகம் தாளின் முன்விளிம்புக்கு வந்திருந்தது. தலையைச் சற்றே சாய்த்து, நிறம் பார்க்கும் ஓவியர்போல் ஒரு கண்ணை மூடி, அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல்.