அய்யம்மாளின் பங்கு நாழிகை

ஆடி பிறந்து ஐந்தாம் நாள் காலையில் இருளப்பன் மடைக் குடிசைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. மேற்கு மலையில் சாரல் இறங்கியிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் தளும்பி வந்தது. தாது வருஷப் பஞ்சம் போய் இருபது வருஷம் ஆகியும் மம்சாபுரத்தில் யாரும் தண்ணீரை ஒரு கை அளவுகூட விட்டுக்கொடுப்பதில்லை. அதனால்தான் முறை பார்த்துப் பாய்ச்சிவிட ஊர் அவனை நீர்ப்பாய்ச்சியாக வைத்திருந்தது.

வேலை சுலபம். கல்தொட்டித் தண்ணீரில், அடியில் ஊசித்துளை போட்ட செம்பு வட்டில் ஒன்று மிதக்கும். துளை வழியே நீர் ஏறி, ‘ளுக்’ என்ற சத்தத்தோடு அது முழுகினால் ஒரு நாழிகை. பத்துத் தடவை முழுகினால் ஒருவர் முறை முடிந்தது. அவர் வயலுக்குப் போகும் வாயை மண்வைத்து அடைத்துவிட்டு, அடுத்தவருக்குத் திறக்க வேண்டும்.

அன்று கிளம்பும்போது மகள் சுடலி வாசலில் மறித்திருந்தாள். ஆறு வயது.

“அய்யா, இன்னும் எட்டு நாளுல தேரு. என்னயத் தோளுல தூக்கிக் காட்டுவியல்ல?”

“காட்டுதேன் தாயி.”

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை அவள் இதுவரை பார்த்ததில்லை. மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவனுக்கு இவள் ஒருத்திதான் மிச்சம். அவளை எப்படியும் கூட்டிப்போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வட்டிலை மிதக்கவிட்டான். வெற்றிலையை மடித்தான். வாய்வரை கொண்டுபோனான்.

ளுக்.

எட்டிப் பார்த்தான். வட்டில் தொட்டியின் அடியில் கிடந்தது. எடுத்துத் திருப்பினான். அடியில் இருந்தது ஊசித்துளை அல்ல, கோணியூசி நுழைகிற துளை. அந்தத் துளையை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவன் போட்டதுதான்.

போன கோடையில், அய்யம்மாள் என்ற கைம்பெண்ணின் முறை வரும்போது மட்டும் ஊர் வட்டிலுக்குப் பதிலாக அவன் இந்த வட்டிலை மிதக்கவிட்டான். அவளுக்கு அடுத்தது அவன் வயல். அதற்கும் அடுத்த முறை, புளியமரத்து நிழல் மடையைத் தொட்ட பிறகுதான் தொடங்கும். ஆக, அவளிடம் குறைந்ததெல்லாம் அவன் வயலில் பாய்ந்தது. என்ன சாமர்த்தியம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான், பாவி.

ஒருநாள் அவள் தொட்டி ஓரம் குத்தவைத்து வட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு மட்டும் நாழிகை ஏன் இந்த ஓட்டம் ஓடுது, இருளப்பா?”

“எல்லாருக்கும் ஒரே நாழிகைதான் மதினி.”

“அப்பிடியா? எம் பங்கு எங்க போச்சுன்னு செத்த யோசிச்சு வையி. பொறவு வந்து கேட்டுக்கிடுதேன்.”

பங்குனியில் அவள் பயிர் கருகிப்போனது. சித்திரையில், காய்ந்த வரப்பில் உட்கார்ந்தபடியே அவள் செத்துப்போயிருந்தாள். அன்றைக்கே அவன் அந்தத் திருட்டு வட்டிலைக் குடிசைக்குப் பின்னால் இரண்டு முழ ஆழத்தில் புதைத்தான்.

இப்போது அது அவன் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

வாய்க்காலில் வீசி எறிந்துவிட்டுத் திரும்பினான். தொட்டியில் அது மிதந்தது. தொட்டி ஓரத்து மண்ணில், யாரோ குத்தவைத்து உட்கார்ந்த இரண்டு ஈரப் பாதங்கள் பதிந்திருந்தன. கருகிய பயிரின் வாடை அடித்தது.

“அய்யா, கஞ்சி.”

வாசலில் சுடலி நின்றாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவன் கலயத்துக்குக் கை நீட்டினான்.

ளுக்.

கலயம் கையில் இருந்தது. கஞ்சி ஏடு கட்டிக் காய்ந்திருந்தது. வெயில் சாய்ந்துவிட்டது. சுடலியைக் காணோம்.

மேல்துண்டைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினான். தெருமுனையில் பக்கத்து வீட்டுக் கண்ணுச்சாமி எதிர்ப்பட்டான்.

“ஏலே, தேருக்கு ஏன் வரல? தேரு நிலைக்கு வந்து மூணு நாளாச்சு. ஒம் மக தெருவாசல்லயே நின்னு அழுதுக்கிட்டு கெடந்தா.”

நான் காலையில்தானே மடைக்குப் போனேன் என்று இருளப்பன் முனகினான்.

கண்ணுச்சாமி சிரித்தான். “நாளு ஓடுதது தெரிய மாட்டேங்குது. எல்லாருக்கும் அப்பிடித்தாம்லே.”

அதற்குப் பிறகு அவன் மடைப்பக்கமே போகவில்லை. வேலையை வேறு ஆளிடம் விட்டான். ஆனால் வீட்டுத் தண்ணீர்ப் பானையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஒரு ளுக்கில் பொங்கல் போனது. மறு ளுக்கில் அடுத்த ஆடி போனது. சுடலியின் பாவாடை ஏறி ஏறி, பிறகு தாவணியாகிவிட்டது. ஒவ்வொரு ஆடியிலும் “இந்த வருஷம் தேரு” என்று சொல்ல வாயைத் திறப்பான். சொல்லி முடிப்பதற்குள் புரட்டாசி வந்திருக்கும். ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவனை அதிகம் வாட்டியது.

அவள் கல்யாணத்தன்று தாலி கட்டுவதையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இமைக்காமல் நின்றான்.

ளுக்.

பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பட்டப்பகலில், நரைத்த தாடியோடு தள்ளாடி மடைக் குடிசைக்குப் போனான். இப்போது அங்கே யாரும் இருப்பதில்லை. வட்டில் மட்டும் மிதந்தது. தொட்டிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டான்.

“மதினி, நாந்தான் எடுத்தேன். உங்க பங்க நாந்தான் எடுத்தேன். என்னய விட்டுருங்க.”

கருகிய வாடை அவன் முகத்தருகே வந்து நின்றது.

“எம்புட்டு?”

ஊரார் முறைக்கெல்லாம் முழுக்குக்கு ஒரு கல் எடுத்து வைத்து எண்ணியவன், திருடியதை மட்டும் எண்ணவில்லை. பத்து என்பதா, நூறு என்பதா?

“தெரியலையே, மதினி.”

“எனக்கும் தெரியல. அதனாலதான் எடுத்துக்கிட்டே இருக்கேன்.”

ளுக்.

“அய்யா, இங்கயா உக்காந்திருக்கிய?”

சுடலியின் குரல்தான். அவள் காதோரம் நரைத்திருந்தது. பக்கத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். அச்சாக அதே சுடலி.

“உங்க பேத்தி தேரு பாக்கணும்னு அழுதுக்கிட்டு கெடக்கா. இன்னும் எட்டு நாளுதான் இருக்கு” என்றாள் சுடலி. “எனக்குத்தான் காட்டல, இவளயாவது தோளுல தூக்கிக் காட்டுங்க.”

இருளப்பன் அழுதான். சிறுமியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் இறுகப் பொத்திக்கொண்டான். விட்டால்தானே போகும், விடவே போவதில்லை என்று நினைத்தான். சின்ன விரல்கள். சூடாக இருந்தன.

“எங்கயும் போவாத தாயி. செத்த நேரம் தாத்தாகூட இரு.”

அவள் அவனைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாத்தா, அந்தம்மா ஏன் வட்டிலப் புடிச்சு அமுக்குதாவ?”

அவன் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. பொத்திய கையை மட்டும் பார்த்தான்.

ளுக்.

அவன் கைக்குள் அந்த விரல்கள் மெல்ல நீளத் தொடங்கின.