ரோகிணி நிரப்பாத படிவம்

ஆய்வாளர் ரோகிணி தளவார், தனக்கு வந்த கடிதத்தை நூலகரின் மேசைமேல் வைத்துவிட்டுத் தளர்ந்து உட்கார்ந்தாள். வறட்சியைப் பற்றிய அவளுடைய புத்தகம் அடுத்த வாரம் அச்சுக்குப் போக வேண்டும். அதன் உயிரான அத்தியாயம், முன்பு ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை. முழு உரிமையையும் நீங்களே எங்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள், புத்தகத்தில் சேர்க்கக் கூடாது என்றது அந்த ஆய்விதழின் கடிதம். இணையத்தில் அவள் பெயரில் நிரப்பிய படிவமும் இணைப்பில் இருந்தது.

"இந்தப் படிவத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன் மேடம். அந்த அத்தியாயம் இல்லேன்னா புத்தகமே இல்ல."

சர்வமங்களா, தார்வாடு ஊரிலுள்ள ஆய்வு நிலையத்தின் நூலகர். இருபது வருடமாக இதே மாதிரிக் கடிதங்கள். உதவி நூலகர் ஈரேஷுக்கு மட்டும் ஒவ்வொன்றும் புதுசு.

"ஆய்விதழ்காரங்களே நிரப்பிக்கிட்டாங்க மேடம். எழுதி வெச்சுக்கோங்க."

"எழுதி வெச்சா அதுக்கும் உரிமை கேப்பாங்க ஈரேஷ்."

ஆய்விதழின் இணையதளத்துக்கான கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும் என்று சர்வமங்களா கேட்டதும் ரோகிணி தலைகுனிந்தாள். ஆள் வெளியூரில் இருந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்று, எல்லோருடைய கடவுச்சொல்லையும் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பது துறை வழக்கம். அப்போது அவளைத் தவிர அந்த அலமாரியைத் திறந்தவர்கள் இருவர்: வழிகாட்டிப் பேராசிரியர் சங்கண்ணவர், சக ஆய்வாளர் ஷிவலீலா. ஷிவலீலா ரோகிணியோடு பேசி ஆறு மாதமாகிறது. ஈரேஷின் கண்கள் மின்னின.

சர்வமங்களா படிவத்தை மெதுவாகப் படித்தாள். பிறகு கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். கல்லப்பா என்ற விவசாயி கைப்பட எழுதிய மழைக் குறிப்புகளின் படங்கள். கீழே, அவர் அனுமதியுடன் என்ற வரி. படம் எடுத்ததும், அவரிடம் கையெழுத்து வாங்கியதும் ஷிவலீலாதான் என்றாள் ரோகிணி.

மூன்று மணிக்கு மற்ற இருவரையும் வரவழைத்தாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"கட்டுரையில அடுத்தவங்களோடது ஏதாவது இருக்கான்னு படிவத்துல அஞ்சாவது கேள்வி. 'இல்லை'ன்னு பதில். கல்லப்பாவோட குறிப்பு அதுல இருக்குன்னு ரோகிணிக்கும் ஷிவலீலாவுக்கும் தெரியும்."

"வேணும்னே பொய் சொல்லியிருந்தா?" என்றான் ஈரேஷ், ஷிவலீலாவைப் பார்க்காமல்.

"கெடுக்கணும்னா 'உண்டு'ன்னு போட்டுட்டு அனுமதிக் கடிதத்தை ஒளிச்சிருந்தாப் போதும். கட்டுரையே நின்னிருக்கும். இதப் போட்டவர் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கல." பேராசிரியரிடம் திரும்பினாள். "கட்டுரையில உங்க பேரும் இருக்கு சார்."

சங்கண்ணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரோகிணி கிராமத்துல இருந்தா. படிவம் அனுப்ப அன்னைக்குத்தான் கடைசி நாள். படிக்காமலே எல்லாக் கட்டத்துலயும் தட்டி அனுப்பிட்டேன்மா. கட்டுரை வெளிவரணுமே."

ரோகிணி சம்மதிக்காத படிவம் அவளைக் கட்டுப்படுத்தாது, ஆனால் தட்டியவர் ஒப்புக்கொண்டு எழுதினால்தான் அந்த வாதம் நிற்கும் என்றாள் சர்வமங்களா. அவர் மறுபேச்சின்றி எழுதிக் கொடுத்தார். ரோகிணி அதை இரண்டு முறை படித்துவிட்டு, நன்றி சொல்லாமல் எடுத்துக்கொண்டாள். வாசலில் ஷிவலீலா அவளுக்காக நின்றிருந்தாள்.

சங்கண்ணவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"இத்தனை வருஷமா மத்த பசங்களோட படிவத்தையும் நான்தான் தட்டினேன் மேடம்."

"எத்தனை பேரு?"

"பதினேழு."

சர்வமங்களா ஒரு கட்டு வெள்ளைத்தாளை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"பழசுலேருந்து ஆரம்பிங்க சார்."