அழிக்காத ஸ்கேன்

கீழ் வரிசையின் கடைசிக் கடைவாய்ப் பல் மறுபடியும் நகர்ந்திருந்தது. கால் மில்லிமீட்டர், தொண்டைப் பக்கமாக. பெலிண்டாவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

ஸ்ரீரங்கம் கிளினிக்கில் டாக்டர் தேவதர்ஷினி வாய்க்குள் ஸ்கேன் எடுத்து அனுப்புவார். புத்தூர் லேபில் இவள் கம்ப்யூட்டரில் அளவெடுத்துப் பல்லுக்குக் கேப் வடிவமைப்பாள். திருவானைக்காவல் பீமராவுக்குச் செய்த கேப் மட்டும், பக்கத்துப் பல்லோடு ஒட்டாமல் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. "மூணாவதும் திரும்புச்சுன்னா வேற எடம் பாத்துக்கம்மா" என்று முதலாளி டோமினிக் காலையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அறுபது வயசுக்காரர் பல் வாரத்துக்கு வாரம் நடக்கிறதென்று யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பின்னறையில் பல் அரைக்கும் மெஷின் கீச்சென்று ஓடிக்கொண்டிருக்க, மதிய வெக்கையோடு கலந்த பொடி வாசனை தொண்டையைக் கமறச் செய்ய, அவள் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். நாக்கு, கன்னம், டாக்டரின் நீலக் கையுறை விரல் என்று ஸ்கேனில் குறுக்கே வருவதையெல்லாம் முதலில் அழித்துவிடுவதுதான் லேபில் வழக்கம். ஒரே பொத்தான். என்ன அழிகிறதென்று யாரும் பார்ப்பதில்லை. வெறுத்துப்போய், அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

கடைசிப் பல்லை இரண்டு விரல்கள் பிடித்திருந்தன.

போன் போட்டாள். "டாக்டர், உங்க விரல் குறுக்க வருதுங்க."

"விளையாடுறீங்களா? ஒரு கையில ஸ்கேனர், இன்னொண்ணுல வாய்க்குள்ள பாக்குற கண்ணாடி. அவரு இப்பவும் சேர்லதான் இருக்காரு. மறுபடி எடுக்குறேன், லைவா பாருங்க. மனுஷன் மூணு தடவை அலைஞ்சிட்டாரு."

பெலிண்டா படத்தைத் திருப்பினாள். கையுறை இல்லாத விரல்நுனிகள் உதட்டைப் பார்த்திருந்தன. அடிப்பக்கம் தொண்டைக்குள் போனது.

பழைய ஸ்கேன்களைத் திறந்து, அவற்றிலும் அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தாள். முதலாவதில் ஒரு நகம். இரண்டாவதில் ஒரு விரல். இரண்டையும் அழித்தது அவள்தான்.

புது ஸ்கேன் துளித்துளியாக வந்தது. பல். ஈறு. நான்கு விரல்கள்.

"நிறுத்துங்க டாக்டர்! கைய வெளிய எடுங்க!"

போனில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, சின்னக் குரலில்: "வர மாட்டேங்குதுங்க."

"கடிக்கிறாரா?"

"இல்ல. வாயைத் தெறந்துதான் வெச்சிருக்காரு."

ஏதோ விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

"டாக்டர்?"

ஸ்கேன் நின்றது. மறுபடி ஓட ஆரம்பித்தது. யாரோ நிதானமாக, பல் பல்லாக எடுத்தார்கள். முன்பல். கோரைப்பல். கடைவாய்.

கடைசிப் பல்லை, தொண்டைக்குள்ளிருந்து நீண்ட நான்கு விரல்கள் இறுகப் பற்றியிருந்தன. நீலக் கையுறையோடு.