கீழ் வீட்டுக்காரர் தூங்க வேண்டும்

கடுகின் அப்பா பேருந்து ஓட்டுநர். அவர் குரலைக் கேட்டால், இவர் பேருந்துக்கு ஹாரன் எதற்கு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கடுகு என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். ஆனால் வாயைத் திறந்தால் படபடவென்று வெடிப்பாள். அதனால் அந்தப் பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது.

தினமும் பொழுது விடியும் முன்பே அந்த வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். அப்பா முதல் பேருந்தை எடுக்கப் போகவேண்டும். அம்மா தையல் கூடத்துக்குக் கிளம்பவேண்டும். நால்வரும் ஒன்றாக உட்கார அதைவிட்டால் நேரமில்லை.

அப்பா, தானே மெட்டுக் கட்டிய ஒரு பாட்டைத் தொண்டை திறந்து பாடுவார். அலமாரியில் அடுக்கிய டம்ளர்கள் கிணுகிணுவென்று கூடவே பாடும். பிறகு அண்ணன் அரைக்கண்ணை மூடியபடி வேதம் வாசிப்பான். அம்மா ஜெபிப்பார். எல்லோரும் சேர்ந்து 'ஆமென்' என்றதும், அப்பாவின் பாட்டுக்குத் தெருவில் யாரெல்லாம் விழித்துக்கொண்டார்கள் என்று பார்க்கக் கடுகு ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பாள். உலகத்திலேயே பெரிய குரல் தன் அப்பாவுடையதுதான் என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

ஒருநாள் பாட்டின் நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

வெளியே ஒருவர் நின்றார். கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர். கலைந்த தலை. புருவத்தில் மாவு.

"தப்பா நினைக்காதீங்க சார்" என்றார். "எனக்கு பேக்கரியில ராத்திரி வேலை. இப்பதான் வந்து படுத்தேன். கொஞ்சம் மெதுவா பாட முடியுமா?"

"இது எங்க ஜெப நேரம்ங்க" என்றார் அப்பா. "ரொம்ப வருஷமா இப்படித்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். கதவை மூடியதும் அப்பாவின் முகம் சிவந்தது.

"ஆண்டவரைப் பாடுறதுக்கு யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?"

மறுநாள் அவர் வழக்கத்தைவிடச் சற்று உரக்கவே பாடினார். டம்ளர்கள் கீழே விழாததுதான் ஆச்சரியம்.

அந்த வாரக் கடைசியில், பள்ளி விட்டு வரும்போது கடுகு பேக்கரிக்காரரைப் படிக்கட்டில் பார்த்தாள். அவர் இடது கையால் பூட்டைத் திறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் பெரிய கட்டு.

"அங்கிள், என்னாச்சு?"

"அதுவா? அடுப்புல இருந்து தட்டை இழுக்கும்போது கண்ணு சொருகிடுச்சு பாப்பா. சூடு பட்டுடுச்சு."

"ரொம்ப வலிக்குதா?"

"வலி பரவாயில்ல. ரெண்டு ரொட்டி கருகிப்போச்சு, அதான் வருத்தம்" என்று சிரித்தார்.

கடுகுக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியை வாங்கித் திறந்து கொடுத்தாள். உள்ளே ஒரு பாய், ஒரு தலையணை. ஜன்னலில் வெளிச்சம் வராமல் இருக்கப் போர்வையைக் கட்டியிருந்தார். வெளிச்சத்தைப் போர்வையால் மறைக்கலாம். அப்பாவின் குரலை எதைக் கொண்டு மறைப்பது?

அவர் ஒரு வார்த்தைகூட அப்பாவைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் உறுத்தியது.

மறுநாள் காலை. அப்பா பாடி முடித்தார். அண்ணன் வாசித்து முடித்தான். அம்மா கண்களை மூடி ஜெபித்தார்.

"ஆண்டவரே, கீழ் வீட்டுக்காரருக்கு நல்ல மனசைத் தாரும்."

"அம்மா!" என்று கடுகு வெடித்தாள். "அவருக்கு நல்ல மனசு ஏற்கெனவே இருக்கு. நல்ல தூக்கம் தாரும்னு கேளுங்க."

ஜெபம் அப்படியே நின்றது. அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"கேக்கலாம்" என்றான். "ஆனா தூக்கத்தை ஆண்டவர் கீழ அனுப்புவாரு. நாம மேல இருந்து எழுப்பிவிட்டுடுவோமே!"

"டேய்!" என்றார் அம்மா.

பேக்கரிக்காரர் கையில் இருந்த கட்டைப் பற்றிக் கடுகு சொன்னாள். கருகிய ரொட்டியைச் சொன்னாள். ஜன்னலில் கட்டிய போர்வையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது.

பேருந்தையே தூக்கி நிறுத்தும் அப்பாவின் குரல் அன்று மெல்லத்தான் வந்தது.

"நானும் தூங்காம வண்டி ஓட்டியிருக்கேன்" என்றார். "அது எவ்வளவு ஆபத்துன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உரக்கப் பாடினேன் பாரு, அது பாட்டே இல்லை. வீம்பு."

அப்பா இப்படிச் சொல்வார் என்று கடுகு எதிர்பார்க்கவில்லை. அவருடைய குரலைவிடப் பெரியது ஒன்று அவரிடம் இருப்பதை அன்றுதான் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து குசுகுசு ஜெபம். அப்பா பாட்டைக் கிசுகிசுத்தார். டயரில் காற்று இறங்குவதுபோல் புஸ்ஸென்று சத்தம் வந்தது. அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டான். அம்மா குனிந்து முந்தானையைக் கடித்தார். இரண்டாவது வரியில் எல்லோரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் அலமாரி ஆடியது.

"இது சரிப்பட்டு வராது" என்றார் அப்பா. "பேசாம பாட்டை விட்டுடலாமா?"

அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடிப்போனது. கடுகு யோசித்தாள்.

"விட வேண்டாம்ப்பா. சாயங்காலம் பாடலாம். அப்போ அவர் முழிச்சிருப்பாரு."

"சாயங்காலம் யாரு ஒண்ணா உக்காருறோம்?" என்றார் அம்மா. "நான் சமையல்ல இருப்பேன். அண்ணனுக்குப் பாடம். அப்பாவுக்கு அலுப்பு."

"எதுக்கும்மா உக்காரணும்? வேலை செஞ்சுக்கிட்டே பாடக்கூடாதா?"

அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காலையில் ஆளுக்கு ஒரு வரி மட்டும் மெல்லச் சொல்லி ஜெபித்தார்கள். கத்தாததாலோ என்னவோ, அண்ணன் வாசிக்கும் வசனம் முதல் தடவையாக எல்லோர் காதிலும் ஒழுங்காக விழுந்தது. அண்ணன் காதிலும்கூட.

மாலையில் பாட்டு சமையலறைக்குள் புகுந்தது. அம்மா காய் வதக்கியபடி தொடங்குவார். அண்ணன் பாத்திரம் தேய்த்தபடி சேர்ந்துகொள்வான். கடுகு தட்டுகளைத் துடைப்பாள். இதுவரை அந்த நேரத்தில் நாற்காலியில் சாய்ந்து கண்ணயரும் அப்பாவுக்கு வெங்காயம் உரிக்கும் வேலை கிடைத்தது. கண்ணில் நீர் வழிய வழியப் பாடினார்.

"அழுகை பாட்டால வருதா, வெங்காயத்தால வருதா?" என்று அம்மா கேட்டார்.

"ரெண்டாலயும்தான்" என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அதோடு நிற்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஆள் ஏறும்போதெல்லாம், 'இவங்க பத்திரமா போய்ச் சேரணும்' என்று மனதுக்குள் ஜெபிப்பதாக அப்பா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"கூட்டம் அதிகமா இருந்தா?" என்று கேட்டான் அண்ணன்.

"மொத்தமா சொல்லிடுவேன். கதவை மூட நேரமாகுதுல்ல!"

தையல் கூடத்தில் எந்திரத்தை மிதித்துக்கொண்டே தானும் பாட்டை முணுமுணுப்பதாக அம்மா சொன்னார். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அந்த மெட்டு தொற்றிக்கொண்டதாம்.

கடுகும் ஒன்று செய்தாள். காலையில் பள்ளிக்குப் போகும்போது காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழ் வீட்டு வாசலைக் கடப்பாள். கடக்கும்போது, 'ஆண்டவரே, அங்கிள் நல்லா தூங்கட்டும்' என்று மனதுக்குள் சொல்வாள். திருப்பத்தில் உட்கார்ந்து காலணியை மாட்டிக்கொள்வாள்.

முதல் நாள் அண்ணன், "திருடப் போற மாதிரி இருக்கே!" என்று கிண்டல் செய்தான். மறுநாள் அவன் கையிலும் காலணி இருந்தது.

இப்படியே சில வாரங்கள் போயின.

ஒரு மாலை. பாட்டு உச்சத்தில் இருந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பேக்கரிக்காரர்! கட்டு அவிழ்ந்து கை ஆறியிருந்தது. முகத்தில் தெளிவு வந்திருந்தது.

அப்பா வெங்காயத்தோடு எழுந்து நின்றார். "மன்னிச்சிடுங்க. நீங்க முழிச்சிருப்பீங்கன்னு நினைச்சுத்தான்..."

"அய்யோ, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று பதறினார் பேக்கரிக்காரர். "அண்ணே, நான் அதுக்கு வரலை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டுல நின்னு கேக்குறேன். மூணு வரி கேக்குறதுக்குள்ள என் பஸ்ஸுக்கு நேரமாயிடுது. ராத்திரி பூரா அந்த மூணு வரியைப் பாடித்தான் மாவு பிசையுறேன். நாலாவது வரி என்னன்னு தெரியாம அங்கேயே முட்டிக்கிட்டு நிக்குறேன்!"

அப்பா வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"எங்க, பாடுங்க பார்ப்போம்" என்றார் அப்பா.

பேக்கரிக்காரர் கூச்சத்தோடு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கண்திறக்கும் முன்னே காத்திருந்தீரே,
காலை ஒளியாய்க் கைபிடித்தீரே,
போகும் வழியெல்லாம் கூட வந்தீரே..."

அங்கே நின்றுவிட்டார். கடுகு முந்திக்கொண்டாள்.

"பொழுது சாய்ந்தாலும் போகாதிருப்பீரே!"

அவர் அந்த வரியை இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "பொழுது சாய்ந்தாலும்..." என்று தலையை ஆட்டினார். "ராத்திரி வேலைக்காரனுக்குன்னே எழுதின மாதிரி இருக்கே!"

பேருந்தின் நினைவு வந்ததும் சட்டென்று திரும்பிப் படியிறங்கினார். இறங்கிக்கொண்டே நான்கு வரிகளையும் சேர்த்துப் பாடினார்.

"சுருதி கொஞ்சம் விலகுது" என்றார் அப்பா, காதைச் சாய்த்து.

"ஆனா சத்தம் உங்களுக்குச் சளைச்சதில்ல" என்றார் அம்மா.

கடுகு ஓடிப்போய்ப் படிக்கட்டுக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். பாட்டு ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்கி, வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி நடந்தது.