பத்துப் புள்ளி வீடு

தாசோம் கண்டுபிடித்த ஆட்டம் ஒரே நாளில் பள்ளி முழுக்கப் பரவியது. பள்ளியில் மொத்தமே இருபத்துமூன்று பேர்தான். பரவ ஒரு நாள் ஆனதே அதிகம்.

அட்டையில் அவர்களுடைய தீவு. படகுத்துறை, ஐஸ் ஆலை, வீடுகள் எல்லாவற்றுக்கும் எண். பகடையை உருட்டினால், வரும் எண்ணில் குண்டு விழும். அவர்கள் பிறப்பதற்கு முன்னால், கடலுக்கு அக்கரையில் இருக்கும் எதிரி நாட்டிலிருந்து நிஜமாகவே குண்டு விழுந்த இடங்களுக்குப் புள்ளி கூட. ஐஸ் ஆலைக்கு மேலே, மேட்டில் இருக்கும் காலி மனைக்குப் பத்து.

அந்த இடங்கள் தீவில் எல்லாருக்கும் தெரியும். அங்கே யார் இருந்தார்கள் என்று மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தாசோமின் வகுப்புத் தோழன் மூஜினுக்கு அந்தக் காலி மனை விழுந்தது, பத்துப் புள்ளி.

"காலி! மொத்தமா காலி!" என்று எல்லாரும் கத்தினார்கள். மூஜினும் சிரித்தான்.

மறுநாள் காலை தாசோம் அம்மாவோடு படகுத்துறையில் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூஜினின் அம்மா.

"ஆட்டம் ஒண்ணு செஞ்சியாமே! பத்துப் புள்ளி வாங்கினேன்னு இவன் பீத்திக்கிறான். அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூட விழாவுக்கு வந்து நானும் ஆடறேன். எங்க வீடு இருக்கா அதுல?"

"இருக்கு அத்தை. நீலக் கேட்டு வீடுதானே?"

"அது அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. எங்க வீடு ஐஸ் ஆலைக்கு மேல இருந்துச்சு. மூஜினோட அக்காவும் அங்கதான்..." அவர் வலையில் சிக்கிய நண்டின் காலை நறுக்கென்று ஒடித்தார். "அவளுக்கு நாலு வயசு அப்போ."

நண்டு தாசோமின் விரலைக் கவ்வியது. அவள் கையை உதறக்கூட இல்லை.

திங்கட்கிழமை மூஜினை மடக்கிப் பிடித்தாள். "ஏன்டா சொல்லல?"

"சொன்னா எல்லாரும் வாயை மூடிக்குவீங்க. எங்க வீட்டுப் பேச்சு வந்தாலே பெரியவங்க அப்படித்தான். அன்னிக்கு ஒரு நாள்தான் சத்தமா இருந்துச்சு."

அன்று அதிகமாகச் சத்தம் போட்டவளே தாசோம்தான்.

அட்டையைக் கிழித்துவிட்டால் முடிந்தது. ஆனால் அத்தை வந்து "எங்கே ஆட்டம்?" என்று கேட்பாரே. பொய் சொல்ல வேண்டும். சொன்னாலும் வேறு யாராவது உளறுவார்கள்.

மறுநாள் விடியற்காலை நேராகப் படகுத்துறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். "அத்தை, அந்தப் பத்துப் புள்ளி உங்க வீட்டு மேல குண்டு போட்டா கிடைக்கிறது. தெரியாம செஞ்சுட்டேன். தப்பு."

அத்தையின் கை நின்றது. "பத்துதானா?" என்றார். பிறகு வலையைச் சுருட்டிக்கொண்டு துறையின் அடுத்த கோடிக்குப் போய் உட்கார்ந்தார்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியாடி?" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

நான்கு நாட்கள் அத்தை அந்தக் கோடியிலேயே உட்கார்ந்தார். தாசோம் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைத்தார்.

சனிக்கிழமை பள்ளி விழாவில் தாசோமின் மேசையில் பகடை இல்லை. எண்களும் புள்ளிகளும் இல்லை. புதிய அட்டையில் தீவு மட்டும் இருந்தது.

"என்ன, வெறும் படமா? சப்புன்னு இருக்கு!" என்று பையன்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூஜின் மட்டும் நின்றான்.

அத்தை ரப்பர் பூட்ஸோடு, நண்டு வாடையோடு வந்தார். அட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"ஐஸ் ஆலைக்கு மேல இந்த இடம் ஏன் வெறுமனே இருக்கு?"

"அங்க என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது அத்தை."

"எனக்கும் தெரியாதும்மா" என்றான் மூஜின்.

அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாசோமிடம் பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

"கதவு கடலைப் பார்த்து இருக்கும். வரை. இடது பக்கம் சோயா ஊற வைக்கிற பெரிய ஜாடிங்க, ஏழு. அதுக்குப் பின்னாலதான் அவ ஒளிஞ்சுக்குவா."

"அக்கா பேரு என்னம்மா?" என்று மூஜின் கேட்டான்.

அத்தை சொன்னார். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகவே சொன்னார்.