தானம் தந்த கை

ஹார்லெம், 1652. திங்கள், காலை 9:10. ஏழைக் கிழவியர் விடுதியின் கூடத்தில் இருந்தவர்கள்: நிர்வாகி மாக்தலேனா அம்மாள், அவர் வேலைக்காரி ட்ரெய்ன், விடுதிவாசி ஆல்ட்யே, ஓவியரின் புகாரின் பேரில் வந்த நகரக் காவலன் ஃப்ளோரிஸ்.

சுவரில் புதுப் படம். மாக்தலேனா நின்று ரொட்டி தருகிறார். காலடியில் ஒரு ஏழை வாங்குகிறாள். ஏழையின் முகம் இருந்த இடத்தில் ஓட்டை. வெட்டிய துண்டு ஆல்ட்யேயின் தலையணைக்கடியில் கிடைத்திருந்தது. முகம் ஆல்ட்யேயுடையதுதான். இடது இமை பாதி சரிந்திருந்தது.

ட்ரெய்ன் ஃப்ளோரிஸுக்கு பீர் ஊற்றினாள். சலவைக்காரத்தில் வெடித்த விரல்கள்.

"நேத்து எல்லாரும் தேவாலயத்துக்குப் போனப்ப இவ கடைசியா பின்தங்கி வெட்டிட்டு வந்திருக்கா," என்றார் மாக்தலேனா. "ஒரு மாசம் ரொட்டியை நிறுத்தினாப் போதும்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆராதனை முடிஞ்சு அங்கயே விடுதிப் பொம்பளைங்க பன்னெண்டு பேருக்கும் ரொட்டி குடுத்தது யாராம்? உங்கப்பனா?"

ஃப்ளோரிஸ் கிழவியிடம் திரும்பினான். "குடுத்தது அம்மணிதானா?"

"கறுப்பு அங்கி, முக்காடு. அவங்கதான்."

"முகத்தைப் பாத்தியா?"

"வாங்கும்போது நிமிரக் கூடாதுங்க. கையை மட்டும் பாப்போம்."

"கை எப்படி இருந்துச்சு?"

இரண்டு முறை கேட்டான்.

"வெடிச்சிருந்துச்சு."

ட்ரெய்ன் கைகளை மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அம்மணி, உங்க அங்கியில ட்ரெய்னை அனுப்பிட்டு, காலி விடுதியில நீங்க கத்தி எடுத்தீங்க, துண்டை கிழவி தலையணைக்கடியில வெச்சீங்க. யாரும் நிமிர மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்." துண்டை ஓட்டையில் பொருத்திப் பிடித்தான். மேலே ஒரு முகம், கீழே ஒரு முகம். இரண்டிலும் அதே சரிந்த இமை. "நாளைக்கு ஊர்ப் பெரியவங்க பாக்க வராங்க, ஜாடையைக் கண்டுபிடிச்சிடுவாங்க. இது உங்க அக்கா."

மாக்தலேனாவின் குரல் மாறவில்லை. "என் படம். நான் வெட்டினேன். எழுதிக்கோங்க. அக்காதான், அதையும் எழுதுங்க. வசதியான சொந்தம் உள்ளவங்களுக்கு இங்க கட்டில் கிடையாது. அது விதி."

ஃப்ளோரிஸ் துண்டை ஓட்டையிலிருந்து எடுத்தான்.

"ஒரு மாசப் பட்டினிய தாங்கிருப்பேன்," என்றாள் ஆல்ட்யே. "அதுக்குத்தான் வாயை மூடிட்டு இருந்தேன். காவலரே, நீங்கதான் விடல."

"அம்மணி, உங்க வீட்டுல..."

"என் வீட்டுல இடம் இல்ல."

9:50. ஆல்ட்யே ஒரு மூட்டையோடு வாசலுக்குப் போனாள். வெளியே பனி. மாக்தலேனா தங்கையாக அல்ல, நிர்வாகியாக ட்ரெய்னிடம் கதவுச் சாவியை நீட்டினார். ஃப்ளோரிஸ் நின்ற இடத்திலேயே நின்றான்.

கிழவி படியிறங்கினாள். ட்ரெய்ன் கதவைச் சாத்திப் பூட்டினாள்.